வெளியில் பாதி, வீட்டில் பாதி

சிறு பிள்ளைகளை அவ்வப்போது வெளியே அழைத்துச் செல்ல வேண்டும் என்று எவரேனும் சொன்னால், நம் வீடுகளில் முதலில் எழுகிற கேள்வி ‘எவ்வளவு செலவாகும்?’ என்பதே. அடுத்த கேள்வி ‘எங்கே போவது?’ என்பது. கொடைக்கானல் என்றால் வண்டி பேச வேண்டும். தேக்கடி என்றால் படகுக்கு வரிசையில் நிற்க வேண்டும். இவை எல்லாம் வசதி உள்ளவர்களுக்கு என்று பெருமூச்சோடு பேச்சு முடிந்துவிடும். கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்தவர்களே இப்படிப் பேசுவது வியப்புக்குரியது. மேற்கே மலை, நடுவே ஆறு, இரு மருங்கும் வயலும் தோப்பும் திராட்சைப் பந்தலும் இருக்க, நம் பிள்ளைகள் சுவரைப் பார்த்துக்கொண்டு வளர்கிறார்கள்.

வெளியே போவதற்கென்று நம் குடும்பங்களில் சில நாட்கள் வழக்கமாக உண்டு. கல்யாண வீடு, மௌத்து வீடு, மருத்துவமனை. இவை போகப் பெருநாளுக்கு மறுநாள் வைகை அணை. 1959ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்த அணையின் இரு கரைப் பூங்காக்களும் அன்றைக்கு நிரம்பி வழியும். பெரியவர்கள் பிரியாணிச் சட்டியைக் காவல் காப்பார்கள். பிள்ளைகள் ஊஞ்சலுக்குச் சண்டை போடுவார்கள். மாலையில் களைத்துத் திரும்புவோம். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆயினும் ஆண்டுக்கு இரண்டு நாள் என்பது ஐந்து வயதுப் பிள்ளைக்குப் போதாது.

நான் கம்பத்தில் ஒரு மத்ரஸாவில் ஓதிக்கொடுப்பவன். கல்லூரியில் கலைப் பிரிவில் பட்டம் பெற்ற பின் இப்பணிக்கு வந்தவன். நாற்பதைக் கடந்துவிட்ட எனக்கு நாள்தோறும் பழக்கமெல்லாம் ஐந்து முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளோடுதான். சில ஆண்டுகளாக ஒன்றைக் கவனித்து வருகிறேன். காயிதா புத்தகத்தின் தையல் பிரிந்துவிட்டால், முன்பெல்லாம் எந்தப் பையனிடம் கொடுத்தாலும் நூலைக் கோத்து முடிச்சிட்டுத் தந்துவிடுவான். இன்றைக்குக் கைப்பேசிக் கண்ணாடியின் மேல் மின்னலாய் ஓடுகிற விரல்கள், ஒரு முடிச்சுப் போடத் தடுமாறுகின்றன. பிள்ளைகளின் அறிவு குறையவில்லை. கைக்கு வேலை வாய்க்கவில்லை. இந்தக் கவலை என் தங்கை மகன் வழியாக என் சொந்த வீட்டுக்குள்ளேயே வந்தபோது, அது வேறு வடிவம் கொண்டிருந்தது.

மருமகனுக்கு ஐந்து வயது. தகப்பனார் வளைகுடாவில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறார். பையன் பிறந்தபோது அவர் அங்கே. இரண்டு வயதில் இருபது நாள் விடுப்பில் வந்து போனார். பிறகு கைப்பேசித் திரையில் மட்டும்தான். நாள்தோறும் இஷாவுக்குப் பிறகு அழைப்பு வரும். ஸலாம் சொல்வான், முத்தம் கொடுப்பான், ஓதிய சூராவை ஓதிக் காட்டுவான். நல்ல பாசம் என்றே நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். சென்ற ஆண்டு பங்குனியில் மாப்பிள்ளை நாற்பத்தைந்து நாள் விடுப்பில் வந்து இறங்கினார். பையன் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டான். தூக்கினால் திமிறினான். இரண்டாம் நாள் இரவு, கூடத்தில் மாப்பிள்ளை அமர்ந்திருக்கும்போதே, தாயின் சேலையைப் பிடித்து இழுத்து, “அம்மா, அத்தாவுக்குப் போன் போட்டுக் கொடு” என்றான்.

அந்த வீட்டில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. மாப்பிள்ளை எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார். அவர் வாங்கி வந்த, விசையில் ஓடும் விலை உயர்ந்த கார், பெட்டியைவிட்டு வெளியே வராமல் பீரோ மேல் கிடந்தது. வெளிநாட்டில் உழைக்கும் தகப்பன்மார் உள்ள எத்தனையோ வீடுகளில் இதே காட்சி நடந்திருக்கும் என்பது இதைப் படிக்கும் சகோதரிகளுக்குத் தெரியும்.

அதற்கு ஓராண்டுக்கு முன்பிருந்தே என் மகளையும் இந்தப் பையனையும் மாதத்தில் இரண்டு முறையாவது வெளியே அழைத்துச் செல்வதை நான் வழக்கமாக்கிக்கொண்டிருந்தேன். மகளுக்கு வயது எட்டு. எங்கள் மத்ரஸாவுக்கு விடுமுறை வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை ஞாயிற்றுக்கிழமை. ஆகவே ஞாயிறு காலை வகுப்பு முடிந்து அஸருக்குள் திரும்பிவிடக்கூடிய தொலைவுதான் எங்களுக்கு விதிக்கப்பட்ட எல்லை. இந்த எல்லை ஒரு நன்மையாகவே அமைந்தது. அருவி, மலை என்று ஆசைப்படாமல் அருகிலிருப்பதைப் பார்க்கக் கற்றோம். (சுருளி அருவி பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், தலைமேல் கொட்டும் தண்ணீருக்கு அஞ்சி அலறும் சிறு பிள்ளையை இழுத்துப்போய் நிறுத்துவது உல்லாசம் ஆகாது என்பது என் கருத்து. முழங்காலளவு நீரோடும் வாய்க்கால் அவனுக்குப் போதும்.)

நாங்கள் வைத்துக்கொண்ட ஒழுங்கு ஒன்றுதான். வெளியே பார்த்ததை வீட்டுக்கு வந்து கையால் செய்து பார்க்க வேண்டும். செய்யும் பொருள் கடையில் வாங்கியதாக இருக்கக்கூடாது. பார்த்தது பாதி, செய்தது பாதி. இரண்டும் சேர்ந்தால்தான் அந்த ஞாயிறு முழுமை பெறும் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன்.

இவற்றுள் எனக்கே மிகவும் பிடித்தது லோயர்கேம்ப் பயணம். கம்பத்திலிருந்து கூடலூர் வழியாக அரை மணி நேரப் பேருந்து. குமுளி மலைப்பாதை தொடங்கும் அடிவாரம். அங்கே நின்று அண்ணாந்து பார்த்தால் மலைச்சரிவில் பெரும் இரும்புக் குழாய்கள் இறங்கி வருவது தெரியும். மேற்கே கேரளம் நோக்கி ஓடி அரபிக் கடலில் சேரவேண்டிய பெரியாற்று நீரை அணை கட்டித் தேக்கி, மலையைக் குடைந்து ஒரு மைலுக்கு மேல் நீளமான சுரங்க வழியாகக் கிழக்கே திருப்பிவிட்டார்கள். கட்டியவர் ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் பென்னிகுவிக். 1895ஆம் ஆண்டு அக்டோபரில் அணை திறக்கப்பட்டது. அவருக்கு லோயர்கேம்பில் 2013ஆம் ஆண்டு தமிழக அரசு மணிமண்டபம் அமைத்தது. இந்தப் பள்ளத்தாக்கின் தேநீர்க் கடைகளில் இன்றும் அவர் படத்தைக் காணலாம்; அவர் பெயரைத் தாங்கிய பிள்ளைகளும் இங்கே உண்டு. சுரங்கத்தின் வழி வரும் நீர் குழாய்களில் இறங்கி மின்சாரம் தந்துவிட்டு, ஆற்றில் கலந்து, பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல்களை நனைத்து, வைகை அணையைச் சேர்ந்து, மதுரை வரைக்கும் போகிறது.

இத்தனையும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு எப்படி விளங்கும்? அவன் குழாய்களை விரல்விட்டு எண்ணினான், அவ்வளவுதான். பேருந்தில் திரும்பும்போது, “மாமா, மலைக்குள்ளே தண்ணி எப்படிப் போகும்? மலை நனையாதா?” என்று கேட்டான். நல்ல கேள்வி. அதற்கு வாயால் சொல்லும் பதிலால் பயனில்லை.

வீட்டுக் கொல்லையில் பப்பாளி மரம் நிற்கிறது. பப்பாளி இலையின் காம்பு உள்ளே துளையுள்ளது என்பது கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். இளங்காம்பு நசுங்கிவிடும், மஞ்சளாகத் தொடங்கிய இலையின் காம்பாக இருந்தால் உறுதியாக நிற்கும். வெட்டியதும் வடிகிற பால் கையில் பட்டால் அரிக்கும். ஆகையால் பெரியவர்கள் வெட்டிக் கழுவிக் கொடுக்க வேண்டும். மண்ணைப் பிசைந்து குறுக்கே ஒரு மலை எழுப்பினோம். அதற்கு ஒரு பக்கம் குழி தோண்டி, நீர் மண்ணில் இறங்கிவிடாமல் பழைய பால் உறைகளை விரித்தோம், இது அணை. மலையைக் குடைந்து காம்பைச் செருகினோம். மறுபக்கம் விரலால் ஒரு வாய்க்கால் கீறி, அதன் கரையில் வெந்தயம் தூவினோம். தீப்பெட்டிகள் வீடுகளாயின, தீர்ந்துபோன நூல்கண்டுக் கட்டை பள்ளிவாசல் மினாராவாயிற்று. மருமகன் சொம்பில் நீர் மொண்டு குழியில் ஊற்றினான். நீர் ஏறியது; காம்பின் வாயைத் தொட்டது; ஒரு கணம் ஒன்றும் நிகழவில்லை. பிறகு மலையின் மறுபக்கத்திலிருந்து சின்னதாய் ஒரு ஒழுக்கு எட்டிப் பார்த்து, வாய்க்காலில் ஓடியது. பையன் சொம்பைப் போட்டுவிட்டு மலையை இருபுறமும் தடவிப் பார்த்தான். மேலே ஈரமில்லை. அவன் கேட்ட கேள்விக்கு அவன் உள்ளங்கையே விடை சொல்லிவிட்டது.

நான்காம் நாள் வெந்தயம் முளைத்தது. அதுவரை தினமும் காலையில் அணைக்கு நீர் ஊற்றும் பொறுப்பை அவன் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ‘ஹஜரத் பிள்ளைகளோடு சேர்ந்து மண்ணில் விளையாடுகிறார்’ என்று தெருவில் ஒருவர் நகைத்ததாகக் கேள்விப்பட்டேன். அவர் பேரனும் மறுவாரம் எங்கள் கொல்லைக்கு வந்துவிட்டான்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த லோயர்கேம்ப் பயணத்துக்கு என் மனைவியும் தங்கையும் உடன் வந்தார்கள். தங்கைக்கு முப்பது வயது. இந்த ஊரிலேயே பிறந்து, இந்த ஆற்று நீரையே குடித்து வளர்ந்தவள் அந்தக் குழாய்களை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். குழந்தையை வெளியே அழைத்துச் செல்வது பற்றிப் பேசும்போது, குழந்தையின் தாய் கடைசியாக எப்போது வெளியே போனாள் என்பதையும் நம் ஆண்கள் எண்ணிப் பார்க்கலாம். 2021ஆம் ஆண்டு முதல் தமிழகத்தில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் நடைமுறைக்கு வந்தது. அப்படிப்பட்ட பேருந்துகளாகப் பார்த்து ஏறியதால், அன்று எங்கள் ஐவருக்கும் ஆன செலவு என் ஒருவனுடைய பயணச்சீட்டும், கடலை உருண்டையும்தான்.

ஆடி மாதத்தில் காற்றைப் பார்க்கப் போனோம். தென்மேற்குப் பருவக் காற்று மலைக் கணவாய்களின் வழி புகுந்து இந்தப் பக்கம் வீசும் பலத்தை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தேனியிலிருந்து ஆண்டிபட்டி செல்லும் வழியில் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்தன. “இத்தனை பெரிய ஃபேனுக்கு யார் சுவிட்சு போடுறாங்க?” என்றான் மருமகன். காற்றை உண்டாக்குவதே அந்த இறக்கைகள்தான் என்பது அவன் எண்ணம். மறுக்கவில்லை. வீட்டுக்கு வந்து பழைய நாட்காட்டித் தாளைச் சதுரமாக வெட்டி, நான்கு மூலையிலிருந்தும் நடுவை நோக்கிக் கீறி, ஒன்றுவிட்டொரு முனையை மடக்கி, கருவேல முள்ளால் கோத்துச் சோளத்தட்டையில் செருகினோம். நெட்டித் துண்டு ஒன்றை முள்ளில் கோத்து இடையே வைத்தால் தாள் தட்டையில் உரசாமல் சுழலும். அறைக்குள் அது அசையவில்லை. மொட்டைமாடிக்கு ஏறியதும் பறந்தது. காற்று நின்ற வேளையில் நின்றது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நெடுநேரம் இருந்தான். பிறகு அந்தச் சுவிட்சுப் பேச்சை அவன் எடுக்கவில்லை.

திராட்சைத் தோட்டமும் அப்படித்தான். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது என்ற பெருமை நமக்கு. பிள்ளைக்கோ பந்தலுக்குக் கீழே குனியாமல் நடக்க முடிவதே பெருமை. பெரியவர்கள் எல்லோரும் முதுகை வளைத்து வர, அவன் ஒருவன்தான் நிமிர்ந்து நடந்தான். தெரிந்தவர் தோட்டம். உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிக்கொள்ளச் சொன்னார். மருந்து தெளித்திருப்பார்கள் என்பதால் உப்பு நீரில் பலமுறை அலசித் தோலை மட்டும் உரித்து, சிறிது நீர் விட்டுக் கொதிக்க வைத்து, துணியில் வடிகட்டினோம். கருஞ்சிவப்பாய் ஒரு மை கிடைத்தது. அதில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் சிவக்கிறது; ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் நீலமும் பச்சையுமாகத் திரிகிறது. ஒரே பழத்திலிருந்து மூன்று கிண்ணம் மை. வாய்க்கால் ஓரத்து நாணலைக் காயவைத்து, முனையைச் சாய்வாகச் சீவி, நடுவே ஒரு கீறல் கொடுத்துக் கலம் செய்து தந்தேன். நம் முன்னோர் மரப்பலகையில் மை தொட்டு எழுதி, ஓதிக் கழுவி, மறுபடி எழுதிய காலம் உண்டு. அந்தக் கலத்தின் கிறீச்சென்ற ஓசை என் மகளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. அலிஃபை நூறு முறை எழுதினாள். நாணல் கலத்தில் எழுதும்போது கோடு தடிப்பதும் மெலிவதும் தானாக அமைகிறது. உருண்டைமுனைப் பேனாவில் அந்த அழகு வருவதில்லை. இந்த மை சில வாரங்களில் பழுப்பேறி மங்கிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மருமகன் அலிஃப் எழுதவில்லை, கோழி வரைந்தான். இதைப் பார்த்த உறவினர் ஒருவர், ஹஜரத் வீட்டிலேயே உயிருள்ளவற்றின் படமா என்று கேட்டார். உருவப்படம் பற்றி மார்க்க அறிஞர்களிடையே உள்ள விவாதத்தை இந்தச் சிறு கட்டுரையில் நான் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் சிறு பிராயத்தில் பொம்மைகள் வைத்து விளையாடியதும், அவற்றுள் துணித்துண்டால் இறக்கை கட்டிய குதிரை ஒன்று இருந்ததும், அதைக் கண்டு பெருமானார் (ஸல்) சிரித்ததும் ஹதீஸ் நூல்களில் உண்டு. குழந்தை விளையாட்டுக்கு மார்க்கம் தந்திருக்கும் இடத்தை நாம் குறுக்க வேண்டியதில்லை என்று மட்டும் அவரிடம் சொன்னேன். அவர் முழு மனதோடு ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. கோழி மட்டும் சமையலறைக் கதவில் ஒட்டப்பட்டது.

மாப்பிள்ளை வந்தபோது இத்தனையும் எங்களிடம் கைவசம் இருந்தது. “மச்சான், நீங்கள் கூட்டிப்போகிற இடத்துக்கு நானும் வருகிறேன். எனக்கு அவனோடு என்ன பேசுவது என்றே தெரியவில்லை” என்றார். நாற்பத்தைந்தில் ஒன்பது நாள் கழிந்திருந்தது.

ரயிலில் போவது என்று முடிவாயிற்று. மதுரைக்கும் போடிக்கும் இடையே 1928ஆம் ஆண்டு முதல் மீட்டர் பாதையில் ரயில் ஓடியது. அகலப் பாதையாக்குவதற்காக 2010ஆம் ஆண்டு இறுதியில் நிறுத்தினார்கள். பன்னிரண்டு ஆண்டு காத்திருப்புக்குப் பிறகு 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூன் மாதம் போடி வரைக்கும் வண்டி வந்தது. மாப்பிள்ளை சிறுவனாக இருந்தபோது பழைய வண்டியில் மதுரைக்குப் போனவர். தேனியில் ஏறிப் போடியில் இறங்கினால் பதினைந்து கிலோமீட்டர்தான். பிள்ளை சலிப்படைவதற்குள் பயணம் முடிந்துவிடும். மலையோ நேர் எதிரே வளர்ந்துகொண்டே வரும். முதல் ரயில் பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமான பாதை இருக்க முடியாது. மாப்பிள்ளை பழைய வண்டியின் கரியையும் ஊதலையும் பற்றி மகனுக்குச் சொல்ல முயன்றார். அவன் என் மடியில் அமர்ந்து சன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தான். நான் வேண்டுமென்றே எழுந்து வாசல் பக்கம் போய் நின்றேன். சற்று நேரத்தில் அவன் இருக்கையில் தனியே, தந்தையிடமிருந்து ஒரு சாண் தள்ளி உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு அவ்வளவுதான் முன்னேற்றம்.

போடியில் இறங்கினால் காற்றில் ஏலக்காய் மணக்கும் என்பார்கள். நாங்கள் போனது வேறொன்றுக்காக. பங்குனி, சித்திரை மாதங்கள் இலவங்காய் வெடிக்கும் காலம். போடி மலையடிவாரத்திலும் வருசநாட்டுப் பக்கமும் இலவ மரங்கள் மிகுதி. இந்த மாவட்டத்தில் இலவம் பஞ்சு ஒரு தொழிலாகவே நடக்கிறது. ஒரு கொட்டகையில் பெண்கள் அமர்ந்து காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். அனுமதி கேட்டு நின்று பார்த்தோம். ஒரு சாக்கில் உடைக்காத காய்களை விலைக்கு வாங்கிக்கொண்டு, தேவாரம், கோம்பை வழியாகப் பேருந்தில் ஊர் திரும்பினோம். சாக்கு மிகப் பெரியது, எடையோ ஒன்றுமில்லை. அதைத் தானே தூக்குவேன் என்று மருமகன் பிடிவாதம் பிடித்தான். ஒரு முனையை அவனும் மறுமுனையை அவன் தகப்பனாரும் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்து வந்தார்கள்.

தலையணை செய்யும் வேலை மறுநாள் தொடங்கியது. செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்காகச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். முதலில் மின்விசிறியை நிறுத்திச் சன்னல்களைச் சாத்த வேண்டும். இல்லையேல் வீடு முழுவதும் பஞ்சு மேகமாகிவிடும். எல்லோரும் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். ஆஸ்துமா, இழுப்பு உள்ள பிள்ளைகளை இந்த வேலையில் சேர்க்க வேண்டாம். காயை உடைத்து நடுக்காம்பை எடுத்தெறிந்துவிட்டு, பஞ்சை ஒரு ஆழமான அண்டாவில் பாதியளவு இட்டு, மோர் கடைகிற மத்தினால் மெதுவாகக் கடைந்தால், மிளகு போன்ற கரிய விதைகள் பிரிந்து அடியில் தங்கும். பஞ்சு பொங்கி மேலே வரும். வேகமாகக் கடைந்தால் பறந்துவிடும்.

மாப்பிள்ளை வேகமாகக் கடைந்தார். பஞ்சு எழும்பி அவர் தாடியிலும் புருவத்திலும் ஒட்டிக்கொண்டது. கிடங்கில் பார வண்டிகளோடு பழகிய கை அது. மருமகன் ஓடிவந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “மெதுவா! இப்படி இல்ல, இப்படி” என்று கடைந்து காட்டினான். இந்த வேலை அவனுக்கும் புதிதுதான். ஆனால் கையால் செய்யும் காரியங்களில் ஓராண்டுப் பழக்கமுடையவன். மெதுவாகச் செய்ய வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. தகப்பனார் கீழ்ப்படிந்தார். அவரைக் கண்டித்துத் திருத்தி அவன் வேலை வாங்கிய வாங்கலில் எங்களுக்குச் சிரிப்பை அடக்குவது சிரமமாயிற்று. பீரோ மேலிருந்த காரிடம் அவனுக்கு இப்படி ஓர் அதிகாரம் கிடைத்திருக்க வழியில்லை. விசையை முடுக்கினால் அது தானே ஓடும். அவன் நின்று பார்க்க வேண்டியதுதான்.

உறைக்கு மாப்பிள்ளையின் பழைய கைலி ஒன்றைத் தங்கை கிழித்துக் கொடுத்தாள். நோட்டுப் புத்தகம் அளவில் இரண்டு உறைகள். மூன்று பக்கம் அவள் தையல் எந்திரத்தில் தைத்தாள். பஞ்சைத் திணித்து நான்காம் பக்கத்தைக் கையால் தைப்பது தந்தைக்கும் மகனுக்கும் விடப்பட்டது. ஒருவர் துணியைச் சேர்த்துப் பிடிக்க, மற்றவர் ஊசியை இழுக்க வேண்டும். கூர் மழுங்கிய பெரிய ஊசி, அதனால் பயமில்லை. தையல் கோணல் மாணலாக, ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விரல் நுழையும் அளவுக்கு விலகியும் வந்தது. இடையே, “அத்தா, நூல் தீந்துருச்சு” என்றான். அவரை முகத்துக்கு முகமாக அவன் அத்தா என்று அழைத்தது அதுவே முதல் தடவை என்பது என் கணிப்பு. தங்கையோ, முந்தின நாளே கோம்பைப் பேருந்தில் அழைத்துவிட்டான், நான்தான் கவனிக்கவில்லை என்கிறாள். இதில் எங்களுக்குள் இன்னும் உடன்பாடில்லை.

மீதமிருந்த நாட்களில் அவர்களுக்கு என் துணை தேவைப்படவில்லை. முல்லையாற்றங்கரைக்கு இருவரும் தனியே போனார்கள். பப்பாளிக் காம்புச் சுரங்கத்தை மறுபடி கட்டினார்கள். இம்முறை இரண்டு குழாய்கள் வைத்து. ஒரு நாள் பையன் அழுதுகொண்டே வந்தான். இருவருக்கும் ஏதோ சண்டை. தகப்பனிடம் கோபித்துக்கொண்டு மாமன் வீட்டுக்கு வரும் அளவுக்கு உறவு வளர்ந்துவிட்டதே என்று நான் உள்ளூர மகிழ்ந்தேன்.

விடுப்பு முடிந்து மாப்பிள்ளை புறப்பட்டபோது பெட்டியின் எடை வரம்பைத் தாண்டியிருந்தது. ஊறுகாய்ப் புட்டி ஒன்றையும் மிட்டாய்ப் பொட்டலத்தையும் எடுத்து வெளியே வைத்தார்கள். தலையணையை எடுக்கச் சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை. அதற்கு எடையும் இல்லை. அங்கே எட்டுப் பேர் தங்கும் அறையில் கட்டிலுக்கு மேல் அது இருப்பதை இரவு அழைப்பில் காட்டுகிறார். கோணல் தையல் ஒரு பக்கம் பிரிந்துவிட்டதாம், தானே தைத்துக்கொண்டாராம். எப்படித் தைத்தார் என்று காட்டச் சொல்லி, திரைக்கு மிக அருகில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, “அத்தா, முடிச்சு பத்தாது” என்றான் மருமகன்.

அண்டாவின் அடியில் தங்கிய விதைகளில் ஒரு கைப்பிடியைத் தகர டப்பாவில் விதைத்திருந்தார்கள். மூன்று முளைத்தன. இரண்டை ஆடு தின்றுவிட்டது. எஞ்சிய ஒன்று இப்போது பையனின் இடுப்பளவு வளர்ந்திருக்கிறது. கொல்லையில் பப்பாளிக்குப் பக்கத்தில் நட்டிருக்கிறோம். இடம் போதாது, பெரிய மரமாகும் என்று என் மனைவி எச்சரிக்கிறாள். அடுத்த விடுப்பை இலவங்காய் வெடிக்கும் மாதத்திலேயே தரும்படி மாப்பிள்ளை கேட்டிருக்கிறார். கம்பெனியிலிருந்து இன்னும் பதில் வரவில்லை.